இடது காதில் மூச்சில்லை

ஒலிப்பதிவு ஓடத் தொடங்கி நான்காவது நிமிடத்தில்தான் அவளுக்கு அது உறைத்தது. இரண்டு பேர் பேசும் அந்த அறையில் ஒருவர் மட்டுமே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

பதிவை ஓட்டும் பெடலிலிருந்து காலை எடுத்தாள். ஒலி நின்றது. ஜன்னலுக்கு வெளியே மழை, காலையிலிருந்து சலிக்காமல், குற்றப்பிரிவுக் கட்டடத்தின் பழைய தகரக் கூரைமேல் யாரோ அரிசி புடைப்பதுபோல விழுந்துகொண்டிருந்தது. இரண்டாம் மாடியின் தட்டச்சு அறையில் ஈரக் குடைகளின் வாடையும், சூடான கருவிகளின் தூசி வாடையும், மதியம் யாரோ குடித்து மறந்த காப்பியின் புளித்த வாடையும் ஒன்றாகக் கலந்திருந்தன. எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. மறுபடி பெடலை மிதித்தாள்.

இந்த வாரம்தான் புதுக் கருவி வந்திருந்தது. முன்பெல்லாம் விசாரணை அறை மேசையின் நடுவில் ஒரே ஒரு மைக். கேட்பவர், சொல்பவர், நாற்காலி, மின்விசிறி எல்லாம் ஒரே கூழாக வந்து சேரும். இப்போது ஆளுக்கொரு மைக்கைச் சட்டையில் குத்திவிடுகிறார்கள். விசாரிக்கும் அதிகாரி இடது காதில், விசாரிக்கப்படுகிறவர் வலது காதில்.

வலது காதில் தம்பி இருந்தான். அவன் மூச்சு அவளுக்கு அவனைவிட நன்றாகத் தெரியும். இழுக்கும்போது பாதியில் ஒரு சிறு தடுக்கல், படிக்கட்டில் ஒரு படி குறைவதுபோல. சின்ன வயதில் இழுப்பு வந்து நெஞ்சுக்கூடு உள்வாங்கிக் கிடந்த நாட்களில், அவள்தான் அவனை மடியில் போட்டுக்கொண்டு, "என் மூச்சக் கேளு, அதே மாதிரி விடு" என்று சொல்லிச் சொல்லி அவனைக் கரையேற்றியிருக்கிறாள். அவளுடைய மூக்குத்தண்டு சற்று வளைந்திருக்கும். மூச்சு இழுத்து முடியும் இடத்தில் மெல்லிய விசில் ஒன்று வரும். தம்பிக்கு அது வேடிக்கை. "அக்கா ரயில் கிளம்பிடுச்சு" என்பான், நீலம் பாரித்த உதட்டோடு.

அதனால்தானோ என்னவோ, மற்ற தட்டச்சர்கள் 'மௌனம்', 'இருமல்', 'அழுகை' என்பதோடு நிறுத்திக்கொள்ளும்போது, அவள் மட்டும் அடைப்புக்குறிக்குள் 'மூச்சு இழுக்கிறார்' என்றும் அடிப்பாள். பதினோரு வருடமாக இப்படி. அலுவலகத்தில் அவள் பெயர் காது.

இடது காதில் அதிகாரி இருந்தார். பெண்கள் அவருக்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. கல்யாணம் ஆகாதவர், ஆனால் எந்த நேரமும் இப்போதுதான் மேடையிலிருந்து இறங்கி வந்ததுபோல மடிப்புக் கலையாத சட்டை. வெயிலில் வியர்க்காது, மழையில் நனையாது. யாரையும் அடித்ததில்லை, அதட்டியதுகூட இல்லை. அவர் எதிரே உட்கார்ந்தவர்கள் தாமாகவே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

இப்போது அவர் குரல் இடது காதில், காதுமடலைத் தொட்டுப் பேசுவதுபோல நெருங்கி ஒலித்தது. கஞ்சி போட்ட சட்டை உரசும் சத்தம் கேட்டது. கைக்கடிகாரத்தின் துடிப்பு கேட்டது. ஒரு நீண்ட வாக்கியம், அதற்குப் பின் இன்னொரு நீண்ட வாக்கியம். நடுவில் எதுவும் இல்லை. எச்சில் விழுங்குவதில்லை. மூக்கு இல்லை, தொண்டை இல்லை. பேச்சு நிற்கும் இடத்தில் பஞ்சு அடைத்ததுபோல ஒரு வெறுமை.

பக்கத்து மேசையைத் தட்டினாள். அந்த மேசைக்காரியின் பெயர் வதந்தி. கட்டடத்தில் யார் எங்கே தும்மினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். காதும் வதந்தியும் பக்கத்துப் பக்கத்தில் என்பது அலுவலகத்தின் பழைய சிரிப்பு.

"அக்கா, இதக் கொஞ்சம் கேளுங்களேன். இடது பக்கம் ஏதாவது குறையுதா?"

வதந்தி ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துத் தலையைச் சாய்த்தாள். "நல்லாத்தானே இருக்கு? குரலப் பாரு, தேன வடிகட்டின மாதிரி."

"மூச்சுச் சத்தம் கேக்குதா?"

"எனக்கு எங்கம்மா அதெல்லாம் கேக்கும்? என் புருஷன் குறட்டையே எனக்குக் கேக்காது. அதனாலதான் எங்க குடும்பம் ஓடுது." ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தவள் குரலைத் தாழ்த்தினாள். "தம்பி பதிவுதானே? மாப்பிள்ளை கைல இருக்கான்ல, பயப்படாத. அவரு முன்னாடி உக்காந்தா சாத்தானே வாக்குமூலம் குடுத்துட்டு எந்திரிச்சுப் போயிடும். உன் தம்பி எந்த மூலைக்கு?"

சிரித்தாள். காதும் சிரித்தாள், சிரிக்க வேண்டுமே என்று.

தம்பியை முந்தாநாள் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அவன் ரொட்டி வேன் ஓட்டுகிறவன். போன வாரம் புறவழிச் சாலையில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் சைக்கிளோடு நசுங்கிக் கிடந்தார். உயிர் போக நெடுநேரம் ஆகியிருக்கிறது என்றார் மருத்துவர். வேனின் பக்கவாட்டில் சைக்கிளின் பச்சைச் சாயம். "நான் கவனிக்கவே இல்லக்கா. ஏதோ பள்ளத்துல ஏறி இறங்கின மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றான் தம்பி. அவள் நம்பினாள். அம்மா போன பிறகு அவளுக்கு அவன், அவனுக்கு அவள்.

காலையில் மாப்பிள்ளையே மாடியேறி வந்து பதிவை அவள் மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, இத நீயே அடிச்சிரு. சொந்தக்காரங்க பதிவு உன் கைக்கு வரக் கூடாதுதான். ஆனா வேற யாராவது கேட்டா நாளைக்கு ஊரெல்லாம் பரவிடும்."

"ஏன் சார் என்னப் பாத்துக்கிட்டே சொல்றீங்க?" என்றாள் வதந்தி.

"உங்கள எங்க பாத்தேன்? உங்களுக்குப் பின்னாடி இருக்கிற காலண்டரப் பாத்தேன்."

காது எழுந்து நின்றிருந்தாள். "அண்ணா, அவன் இன்னிக்கு வந்துடுவானா?"

"சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுவான். நான் உங்கிட்ட என்னிக்காவது பொய் சொல்லியிருக்கேனா?"

சொன்னதில்லை. எட்டு வருடப் பழக்கம். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில், வராந்தாவின் மர பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். தம்பி வரவில்லை, அவனால் அதையெல்லாம் பார்க்க முடியாது. அந்த பெஞ்சில் அவள் பேசிக்கொண்டே இருந்தாள், வீட்டுக் கதை எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்படிக் கேட்கிறவரை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. அண்ணா என்று அழைக்கத் தொடங்கியது அங்கேதான்.

"கடைசித் தாள் ஒண்ணு குடேன். ஃபைல் இன்னிக்கே போயிடட்டும். நேரம் மிச்சம்" என்றார் மாப்பிள்ளை.

அவள் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு வாக்குமூலத்தின் முடிவிலும் ஒரு சான்றுத் தாள் வைப்பார்கள். கீழ்ப்பாதியில் ஏற்கெனவே அச்சடித்திருக்கும்: 'இதனை முழுவதும் கேட்டறிந்தேன். இதில் கண்டவை யாவற்றுக்கும் என் முழுச் சம்மதத்துடன் கையெழுத்திடுகிறேன்.' மேல்பாதி வெற்றிடம், வழக்கின் சுருக்கத்துக்கு. முறைப்படி எல்லாவற்றையும் அடித்து முடித்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் ஒரு நாளைக்கு எட்டுப் பதிவு வந்தால் யாரால் முடியும்? திங்கட்கிழமை காலையில் ஐந்து பெண்களும் ஊர்க்கதை பேசிக்கொண்டே ஆளுக்கு இருபது தாளில் கையெழுத்துப் போட்டு அடுக்கிவிடுவார்கள். தலைமை எழுத்தருக்கும் தெரியும். அவரும் அப்படித்தான்.

மாப்பிள்ளை தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அழகான கையெழுத்து" என்றார். அவள் வெட்கப்பட்டாள்.

நான்கு மணிக்கு வதந்தி பையைத் தோளில் மாட்டினாள். "பாலத்துல தண்ணி ஏறுதாம். கடைசி பஸ்ஸ விட்டா நீந்தித்தான் போகணும். நீயும் வாயேன்."

"முடிச்சிட்டு வரேங்க்கா. தம்பியையும் கூட்டிட்டுப் போயிடலாம்."

"பத்திரம்." கதவருகே நின்று திரும்பினாள். "போன மழைக்காலத்துல ஒரு தையல்காரர விட்டாங்களே, ஞாபகமிருக்கா? எல்லா சாட்சியும் அவருக்கு எதிரா இருந்துச்சு. மாப்பிள்ளை ஒரே மணி நேரம் பேசினாரு, ஆளு வெளிய. மனுஷன் சந்தோஷமாப் போனாரு. பாவம், அந்த வாரமே அவங்கம்மா போயிட்டாங்க. நாற்காலில உக்காந்தபடியே. ஒரு நோயில்ல, ஒரு காயமில்ல, கண்ணத் திறந்துக்கிட்டு. சாவு வீட்டுல முதல் ஆளா நின்னது யாருன்னு நினைக்கிற? நம்ம மாப்பிள்ளைதான். என்ன தங்கமான மனுஷன்."

அவள் செருப்புச் சத்தம் படிக்கட்டில் இறங்கி, மழைக்குள் கரைந்து போனது.

மற்றவர்கள் ஏற்கெனவே போயிருந்தார்கள். நான்கு காலி மேசைகள், உறை போட்ட நான்கு கருவிகள், தலையில் துணி போர்த்தி உட்கார்ந்திருப்பவர்களைப் போல. பகல் இன்னும் மிச்சமிருந்தது, ஆனால் அது கழுவித் துடைத்த பாத்திரத்தின் அடியில் தேங்கும் தண்ணீரைப்போல நிறமற்றுக் கிடந்தது. அவள் விளக்கைப் போட்டாள். கருவியில்தான் கோளாறு என்று நிச்சயப்படுத்திக்கொள்ள, நேற்று வேறோர் அதிகாரி எடுத்த பதிவு ஒன்றைத் தேடிப் போட்டாள். இடது காதில் ஒரு கனத்த மனிதர் புஸ்புஸ்ஸென்று இரைந்தார். வலது காதில் ஒரு கிழவி மூக்கை உறிஞ்சினாள். இரண்டு பேர், இரண்டு மூச்சு.

கருவியில் கோளாறு இல்லை.

சட்டைக்கைகளை இழுத்து விட்டுக்கொண்டாள். குளிர். பிறகு தம்பியின் பதிவுக்குத் திரும்பி, பெடலை மிதித்தாள்.

"அப்ப நீ கவனிக்கவே இல்ல" என்றது இடது காது, கனிவாக.

"இல்ல சார்."

"சரி. உன் பேன்ட்ட யாரு துவைச்சா?"

வலது காதில் மூச்சு தடுக்கியது. அவள் விரல்களும் விசைமீது நின்றன. போன வாரம் தம்பி கழற்றிப் போட்ட பேன்ட். முழங்காலுக்குக் கீழே ஒரு கறை, கசக்கிப் பிடித்ததுபோல. கிரீஸ்தான்க்கா, என்றான். அவள் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தண்ணீர் சிவப்பாக ஓடியது. பழைய சாயம் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ள விரும்பினாள்.

"நிப்பாட்டினேன் சார்" என்றான் தம்பி. அவன் குரல் அவள் அறியாத வேறொருவனுடையதுபோல இருந்தது. "இறங்கிப் பாத்தேன். உயிர் இருந்துச்சு. என் கால புடிச்சுக்கிட்டாரு. விடவே இல்ல. தம்பி, தம்பின்னாரு. உதறிட்டு வந்துட்டேன்."

(மூச்சு இழுக்கிறார்) என்று அடித்தாள். அடித்தது அவள் இல்லை, அவள் விரல்கள்.

"பயந்துட்ட" என்றது இடது காது.

"ஆமா சார்."

"சின்ன வயசுலயும் அப்படித்தான். தண்ணித் தொட்டில நாய்க்குட்டி செத்துக் கிடந்துச்சே, அன்னிக்கும் பயந்துதானே ஒளிஞ்சுக்கிட்ட? யாரு அடி வாங்கினா அதுக்கு?"

அவள் விசைகளிலிருந்து கையை எடுத்தாள்.

அந்த நாய்க்குட்டியைப் பற்றிய உண்மை உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவளுக்கும் தம்பிக்கும். ஏழு வயதுத் தம்பி அதைத் தொட்டிக்குள் போட்டு, மூடியை மூடி, மேலே உட்கார்ந்திருந்தான். அவள்தான் நான் செய்தேன் என்று சொல்லி, அப்பாவின் பெல்ட்டை முதுகில் வாங்கிக்கொண்டாள். இல்லை. மூன்று பேருக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தா, மர பெஞ்சு. யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லியிருந்தாள். சொல்லி அழுதிருந்தாள். அவர் கைக்குட்டை கொடுத்தார். மடிப்புக் கலையாத வெள்ளைக் கைக்குட்டை.

"அக்கா" என்றான் தம்பி. "அக்காதான் வாங்குச்சு."

"ம். அக்காதான்."

பெடலை விட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, தண்ணீர் ஏறும் பாலத்தை நோக்கி ஓடிவிட வேண்டும். கால் அழுத்திக்கொண்டே இருந்தது.

"இங்க பாரு" என்றது இடது காது. குரல் மாறவில்லை. அதே தேன். "அந்தப் பெரியவரோட மூச்சு நின்னு போச்சு. நீ நிறுத்தின. அதுக்குப் பதிலா எனக்கு ஒரு மூச்சு வேணும். உன்னோடதாத்தான் இருக்கணும்னு நான் சொல்லல. நீயா மனசார ஒருத்தரக் காட்டினாப் போதும். நீ வீட்டுக்குப் போயிடலாம். வேன் ஓட்டலாம். உன் மேல ஒரு தூசு படாது."

மௌனம்.

அவள் கருவியின் வினாடி எண்ணைப் பார்த்தாள். பழக்கம். ஐந்து. பத்து. வலது காதில் தம்பியின் மூச்சு வேகமாக, ஆழமில்லாமல், சின்னப் பையனின் மூச்சாக ஓடியது. பதினெட்டு. இடது காதில் கடிகாரம் மட்டும். இல்லைன்னு சொல்லுடா. இருபத்தேழு. என்னை உள்ளே போடுங்கன்னு சொல்லு. நான் வக்கீல் பார்க்கிறேன், சோறு கொண்டு வருகிறேன், எத்தனை வருடமானாலும் காத்திருக்கிறேன். சொல்லுடா. முப்பத்தொன்பது. நாற்பது.

"எங்கக்கா" என்றான் தம்பி.

(மௌனம், நாற்பத்தொரு வினாடி.)

"எங்கக்காவ எடுத்துக்கங்க."

மழை சட்டென்று வலுத்தது. அல்லது ரத்தம் அவள் காதில் இரைந்ததோ.

"அக்காவுக்குச் சம்மதமா இருக்கணுமே" என்றது இடது காது.

"ஒத்துக்கும் சார். எனக்காக எது வேணும்னாலும் பண்ணும்." தம்பி மூக்கை உறிஞ்சினான். பிறகு, ஒரு கடை விஷயம் விசாரிப்பதுபோலக் கேட்டான்: "அதுக்கு வலிக்குமா?"

"வலிக்காது."

"அப்ப சரி."

அப்ப சரி. அவள் ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் போட்டாள். அந்த இரண்டு சொற்கள் அறைக்குள்ளேயே நின்றன. பெல்ட்டின் சத்தம் நினைவுக்கு வந்தது. அன்று கதவிடுக்கில் தெரிந்த தம்பியின் ஒற்றைக் கண் நினைவுக்கு வந்தது. அது அழுதுகொண்டிருந்தது என்றுதான் இத்தனை வருடமும் எண்ணியிருந்தாள். இல்லை. அது பார்த்துக்கொண்டிருந்தது.

தாள்.

காலையில் கொடுத்த தாள்.

முழுச் சம்மதத்துடன்.

அவள் எழுந்தபோது நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. எடுக்கவில்லை. படிக்கட்டில் இறங்கினாள். முதல் மாடியின் நீண்ட நடையில் விளக்குகள் ஒன்று விட்டு ஒன்று எரிந்தன. இருபுறமும் பூட்டிய அறைகள், கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கிய கோப்புகள், ஒரு வாளியில் கூரை ஒழுகும் சொட்டு. கோடியில் அவர் அறை. கதவு சாத்தியிருக்கவில்லை. எட்டு வருடத்தில் ஒருமுறைகூட அது சாத்தியிருந்து பார்த்ததில்லை என்று இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அறையில் யாருமில்லை. எந்த வாடையும் இல்லை. ஈரமோ, காகிதமோ, மனிதர்கள் பகல் முழுக்க இருந்து போன அறையில் தங்குகிற அந்த மந்தமான சூடோ, எதுவும் இல்லை. நாற்காலியின் பஞ்சு மெத்தை புத்தம் புதிதாக, ஒரு குழிவும் இல்லாமல் உப்பியிருந்தது. எட்டு வருடம் உட்கார்ந்த நாற்காலி.

மேசையில் ஒரே ஒரு தாள். கீழே அவள் கையெழுத்து. காலையில் வெற்றிடமாக இருந்த மேல்பாதி நிரம்பியிருந்தது. தம்பி சொன்னது எல்லாம், நிறுத்தம் தவறாமல், அவள் அடிக்கிற பாணியிலேயே. மௌனம், நாற்பத்தொரு வினாடி. அவள் மட்டுமே போடுகிற அடைப்புக்குறிகள். மூச்சு இழுக்கிறார். மூச்சு இழுக்கிறார். கடைசி வரியில்: மாலை 5.40. மூச்சு ஒப்படைக்கப்பட்டது.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து முப்பத்தாறு.

தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். நான்காக. எட்டாக. மேசைத் தொலைபேசி அடித்தது.

எடுக்கக் கூடாது என்று நினைத்தாள். எடுத்தாள்.

"தங்கச்சி. படிச்சிட்டியா?"

"அண்ணா." அண்ணா என்பதைத் தவிர அவரை அழைக்க அவளிடம் வேறு சொல் இல்லை. "அண்ணா, நான் உங்கள நம்பி..."

"நீ கேட்டது என்ன? அவன் வீட்டுக்கு வரணும்னு. போறான். நான் உங்கிட்ட என்னிக்காவது பொய் சொல்லியிருக்கேனா?"

"அந்த பெஞ்சுல நான் சொன்னதெல்லாம்..."

"நீ சொன்ன. நான் கேட்டேன். திருடல. உன் தம்பிகிட்டயும் நான் யார் பேரையும் சொல்லிக் கேக்கல. நாற்பத்தொரு வினாடி குடுத்தேன். அவனாத்தான் குடுத்தான்."

"நீங்க யாரு?"

கம்பியின் மறுமுனையில் மழை கேட்டது. மழை மட்டும்.

"எட்டு வருஷமா உன் பக்கத்துல உக்காந்திருக்கேன். இன்னிக்குத்தான் கேக்கத் தோணுதா?" குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டதுபோல இருந்தது. "சாத்தானப் பத்தி உன் பக்கத்து மேசைக்காரி சொன்னதுல பாதி சரி. அந்த அறைல உக்காந்து நான் வாக்குமூலம் கேக்கத்தான் கேப்பேன். குடுக்க மாட்டேன்."

தொடர்பு அறுந்தது.

அவள் திரும்பி மேசையைப் பார்த்தாள். கிழித்த துண்டுகள் கிடந்தன. அவற்றின் நடுவில், மடிப்புக் கலையாமல், தாள். கீழே அவள் கையெழுத்து. அழகான கையெழுத்து.

ஓடினாள். எதற்காக மாடிக்கு ஓடுகிறோம் என்று தெரியவில்லை. பதிவை அழிக்கலாம். அழித்துவிட்டால் அவன் சொன்னது சொல்லாததாகிவிடும். படிகள் ஈரமாக இருந்தன. இரண்டாம் மாடி. விழுந்து கிடந்த நாற்காலி. மேசை. ஹெட்போன்.

அதிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது.

பெடலில் யார் காலும் இல்லை. ஆனால் வினாடி எண் ஓடிக்கொண்டிருந்தது. சிறிய, சீரான சத்தம். காதில் வைக்க வேண்டாம். வைத்தாள்.

வலது காதில் யாருமில்லை. தம்பி போய்விட்டிருந்தான்.

இடது காதில் மூச்சு.

மெதுவாக இழுத்தது. நின்றது. விட்டது. புதுச் செருப்பைப் போட்டுப் பார்க்கிறவர் இரண்டடி நடந்து பார்ப்பதுபோல, கவனமாக. மறுபடி இழுத்தது. இழுத்து முடியும் இடத்தில், மெல்லிய விசில் ஒன்று.

ரயில் கிளம்பிவிட்டது.

கீழே முற்றத்தில் கதவு ஒன்று திறந்து மூடியது. அவள் ஜன்னலுக்குப் போனாள். அந்தி இன்னும் முழுதாக இறங்கவில்லை, எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. கறுப்புக் குடை ஒன்றின் கீழ் இரண்டு பேர். தம்பி, போன வருடம் அவள் வாங்கிக் கொடுத்த ஜாக்கெட்டில். பக்கத்தில் மாப்பிள்ளை, அவன் தோளில் கை போட்டபடி. அண்ணன் தம்பி என்றுதான் யாரும் சொல்வார்கள்.

கண்ணாடியைத் தட்டினாள். இரண்டு கைகளாலும் தட்டினாள்.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். பார்த்தான், சந்தேகமில்லை. அவள் கண்ணை அவன் கண் சந்தித்தது. பிறகு தலையைக் குனிந்து, ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலை நோக்கி நடந்தான். குடையைவிட்டு வெளியே, மழைக்குள், வேகமாக.

மாப்பிள்ளை நின்றார். அவரும் நிமிர்ந்தார். எட்டு வருடமாக அவள் பார்த்த அதே முகம், அதே பரிவு. வாயைத் திறந்தார். குளிரில் அவர் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்து, குடைக்குக் கீழே சுருண்டு, கலைந்தது. அவர் அதை வியப்போடு பார்த்தார். சிறுபிள்ளைபோல இன்னொரு முறை ஊதிப் பார்த்தார்.

தட்டச்சு அறையின் சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பது.

அவள் கண்ணாடியில் முகத்தை ஒட்டினாள். தம்பி என்று கத்தினாள். வாய் முழுதாகத் திறந்திருந்தது. உதடுகள் கண்ணாடியின் குளிரைத் தொட்டன. தம்பி. தம்பி. பின்னால் மேசைமேல், ஹெட்போனில், அந்த விசில் நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கண்ணாடியில் அவள் வாய்க்கு நேரே ஒரு ஆவிப்படலமும் இல்லை. அது தெளிவாக, துடைத்து வைத்ததுபோல, அப்படியே இருந்தது.